ரப்பர் மேல் உட்கார்ந்த என்ஜினுக்கு எர்த்: வீட்டில் விமானம் கட்டுகிறவர்களுக்கு

விமான என்ஜின் ரப்பர் புஷ்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதிர்வு விமானத்தின் உடம்புக்கு ஏறாமல் இருக்க வைத்த அந்த ரப்பர், கரன்ட்டையும் சேர்த்தே மறித்துவிடுகிறது. ஸ்டார்ட்டருக்குப் போகும் பாசிட்டிவ் கேபிளைப் பார்த்துப் பார்த்து இழுப்பார்கள். கான்டாக்டர் (ஸ்டார்ட்டர் கரன்ட்டைப் போட்டு நிறுத்தும் பெரிய ஸ்விட்ச்) எங்கே, கேபிள் எதிலும் உரசுகிறதா, முனைக்கு ரப்பர் பூட் போட்டாயிற்றா என்று எல்லாம் சரிபார்ப்பார்கள். அந்தக் கரன்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பி வரும் பாதையை மட்டும் கடைசி நாளில், கையில் கிடைத்த ஒயரால் முடித்துவிடுவார்கள். இந்தப் பதிவு அந்தத் திரும்பும் பாதையைப் பற்றியது.

லைகமிங் ஓ-320, ஓ-360 போன்ற நான்கு சிலிண்டர் என்ஜினின் 12 வோல்ட் ஸ்டார்ட்டர் சுற்றும்போது 200 ஆம்ப் அளவில் இழுக்கும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும் அந்த நொடியில் இன்னும் அதிகம். ரோட்டாக்ஸ் 912-இன் ஸ்டார்ட்டர் சிறியது, 0.7 கிலோவாட்தான். அதுவும் சில பத்து ஆம்பில் நிற்காது. இவ்வளவு கரன்ட்டும் ஸ்டார்ட்டர் உடம்பு வழியாக என்ஜினின் உலோகக் கூடான கிராங்க்கேஸுக்கு வந்து, அங்கிருந்து பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். என்ஜினை எர்த்தோடு சேர்க்கும் வளையும் பட்டையான ஸ்ட்ராப் இல்லை, அல்லது இருந்தும் அதன் முனையில் அழுத்திய லக் தளர்ந்துவிட்டது என்றால் கரன்ட் அங்கேயே நின்றுவிடாது. என்ஜினையும் உடம்பையும் சேர்த்துத் தொடும் எந்த உலோகமும் அதற்கு வழிதான். திராட்டில் கேபிள், மிக்ஸ்சர் கேபிள், சோக் கேபிள், பெட்ரோல் ஹோஸ் மேலிருக்கும் ஸ்டீல் பின்னல், ஆயில் பிரஷர் லைன், பழைய வகை டேக்கோமீட்டர் கேபிள், மேக்னெட்டோவை (பேட்டரி இல்லாமலே பிளக்குக்குப் பொறி கொடுக்கும் கருவி) ஸ்விட்ச்சோடு சேர்க்கும் பி-லீட் ஒயரின் ஷீல்ட், சென்சர்களின் மெல்லிய எர்த் ஒயர் எல்லாமே இந்தக் கணக்கில் வரும்.

திராட்டில் கேபிளின் உள்கம்பி ஸ்டீல். அதன் வழியாக ஸ்டார்ட்டர் கரன்ட் போனால் சில நொடியில் சூடேறி உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனர் உருகும். கம்பி உறையோடு ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கே முழுவதும் இறுகிவிட்டால் தரையிலேயே தெரிந்துவிடும், அது நல்லது. பாதி உருகிப் பிசுபிசுவென்று நகர்கிற கேபிள்தான் ஆபத்து, அது மேலே போன பிறகு இறுகும். பெட்ரோல் ஹோஸின் கதை இதைவிட மோசம். பின்னல் ஏதாவது ஒரு கிளாம்பில் புள்ளி அளவுக்குத் தொட்டுக்கொண்டிருக்கும். மொத்தக் கரன்ட்டும் அந்தப் புள்ளி வழியாகப் போகும்போது பொறி பறந்து, உள்ளே இருக்கும் டெஃப்லான் குழாயில் ஊசித் துளை விழும்.

கிருஷ்ணகிரி ஹைவே ஓரப் பட்டறைகளில் லாரி செல்ஃப் எடுக்கவில்லை என்று வண்டியை விட்டால், அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் செல்ஃப் மோட்டாரைக் கழற்றும் முன் இஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவில் இருக்கும் எர்த் பட்டையைத்தான் ஆட்டிப் பார்ப்பார். நம் என்ஜினிலும் அதே இடம்தான். ஆனால் லாரிக்குக் கனமான ஸ்டீல் சேசிஸ் இருக்கிறது, 24 வோல்ட் என்பதால் அதே வேலைக்குப் பாதிக் கரன்ட் போதும். நமக்கு இரண்டு வசதியும் கிடையாது. பட்டறையில் பழகிய 'எங்கேயாவது பாடியில் எர்த் அடி' என்ற பழக்கத்தை விமானத்துக்குக் கொண்டுவரக் கூடாது.

பாதை இப்படி இருக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு கனமான கேபிள், என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் நிற்கும் தீத்தடுப்புத் தகடான ஃபயர்வாலில் இருக்கும் ஒரே ஒரு எர்த் போல்ட்டுக்கு வருகிறது. அதே போல்ட்டிலிருந்து ஒரு கனமான, வளையும் ஸ்ட்ராப் நேராக கிராங்க்கேஸுக்குப் போகிறது. இவ்வளவுதான் மெயின் ரோடு. பேனலில் இருக்கும் ரேடியோ, இன்டர்காம், மீட்டர்கள் எல்லாம் தனித்தனி ஒயரில் அந்த எர்த் போல்ட்டின் உள்பக்கத்துக்கு வந்து சேரும். என்ஜினைத் தாங்கும் மவுண்ட் குழாயை இந்தப் பாதையில் சேர்க்கவே கூடாது. மவுண்ட் முழுவதும் பவுடர் கோட்டிங். அதைப் பிடிக்கும் போல்ட்டுகள் பாரம் தாங்க வைத்தவை, கரன்ட் தாங்க வைத்தவை அல்ல. என்ஜினிலிருந்து மவுண்டுக்கு ஒரு சின்ன ஒயர் போட்டுவிட்டு 'மவுண்ட்தான் ஃபயர்வாலைத் தொடுகிறதே' என்று விடுவது அடிக்கடி பார்க்கிற தவறு.

உடம்பு எதில் கட்டியது என்பதைப் பொறுத்து மீதி மாறும். ஃபைபர் கிளாஸ், மரம் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை: உடம்பு கடத்தாது, ஒவ்வொரு சாமானுக்கும் இரண்டு ஒயர். ரிவெட் அடித்த அலுமினிய உடம்பு நன்றாகவே கடத்தும். விங் லைட் போன்றவற்றுக்கு அந்தத் தகட்டையே திரும்பும் வழியாக விடலாம். ஆடியோ, சென்சர் இரண்டுக்கும் வேண்டாம். அலுமினியக் குழாயும் துணியுமான மைக்ரோலைட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். குழாய் அனோடைஸ் செய்ததாக இருந்தால் மேல்தோல் கரன்ட்டைக் கடத்தாது. போல்ட் துளைக்குள் எங்கோ தோல் கிழிந்த இடத்தில் தொட்டுக்கொண்டு இன்றைக்கு வேலை செய்யும், நாளைக்குச் செய்யாது. அதை ஃபைபர் விமானம் போலவே நினைத்து இரண்டு ஒயர் இழுங்கள். ஸ்டீல் குழாய் ஃப்யூஸலாஜில் பேட்டரி வாலில் இருந்தால் பாசிட்டிவையும் நெகட்டிவையும் ஒட்டி ஒட்டி ஒரே கட்டாகக் கொண்டுவர வேண்டும். எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு கரன்ட்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், காம்பஸ் தப்பிக்கும்.

கேபிள் கணக்கு எளிது. 35 ஸ்கொயர் எம்.எம். செம்புக் கேபிளின் மின்தடை மீட்டருக்கு அரை மில்லிஓம். 25 ஸ்கொயர் என்றால் 0.7, 16 ஸ்கொயர் என்றால் 1.1 மில்லிஓம் அளவு. பேட்டரி மூக்கில் இருந்தால் நெகட்டிவ் பக்கம் மொத்தம் ஒரு மீட்டருக்குள் முடியும். 35 ஸ்கொயர் போட்டு, லக் எல்லாம் சரியாக இருந்தால், முழுப் பாதையும் 1 மில்லிஓமுக்குள் வரும். 200 ஆம்பில் 0.2 வோல்ட் இழப்பு. பேட்டரி வாலில், 4 மீட்டர் தள்ளி இருந்தால் அதே கேபிளில் 2 மில்லிஓம், 0.4 வோல்ட். அங்கே 50 ஸ்கொயருக்குப் போவது நல்லது. கிராங்க் செய்யும்போது பேட்டரியே 10 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அதில் எர்த் பக்கம் மட்டும் ஒரு வோல்ட் தின்றால் பத்தில் ஒரு பங்கு போச்சு. ரோட்டாக்ஸ் 912-க்கு 16 ஸ்கொயருக்குக் குறையாமல் போடலாம். என் கருத்தில் 25 போடுங்கள், அந்தச் சில கிராம் எடையை வேறு இடத்தில் குறைக்கலாம்.

ரோட்டாக்ஸுக்கு இது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், அதன் இக்னிஷன் மாட்யூல்கள் கிராங்க் சுமார் 220 ஆர்.பி.எம். வேகத்தைத் தாண்டினால்தான் பொறி விடும். எர்த் மோசமாகி ஸ்டார்ட்டர் மந்தமாகச் சுற்றினால் ஒன்று என்ஜின் எடுக்கவே எடுக்காது, அல்லது வரம்பை ஒட்டித் தடுமாறும்போது பின்னுக்கு உதைக்கும். அந்த உதை, ஒரு பக்கம் மட்டும் சுற்ற விடும் ஸ்டார்ட்டரின் ஸ்ப்ரேக் கிளட்ச்சிலும் கியர்பாக்ஸிலும் விழும். இங்கே ஓசூர் மேட்டு நிலம். மார்கழி விடியற்காலையில் ஆயில் கெட்டியாக, பேட்டரி சோம்பலாக இருக்கும். தர்மபுரி வெயிலில் பங்குனி முழுக்க ஒரே தட்டில் எடுத்த என்ஜின் இங்கே வந்து திணறினால் பேட்டரியை மாற்றும் முன் எர்த்தை அளந்து பாருங்கள்.

ஸ்ட்ராப்புக்கு ஈயம் பூசிய செம்புப் பின்னல் பட்டை நல்லது. வெல்டிங் கேபிளும் நல்லதே, அதில் மெல்லிய இழைகள் நிறைய இருப்பதால் வளைந்து கொடுக்கும். வீட்டு ஒயரிங்கில் போடும் தடித்த இழைக் கேபிள் வேண்டாம். என்ஜின் நிற்கும்போது எப்படி உதறுகிறது என்று ஒரு முறை என்ஜின் மூடியான கவுலிங்கைக் கழற்றிவிட்டு எட்ட நின்று பாருங்கள். அந்த ஆட்டத்துக்கு எத்தனை தொய்வு வேண்டும் என்று தெரிந்துவிடும். இழுத்துக் கட்டிய ஸ்ட்ராப் லக் கழுத்தில் இழை இழையாக அறும். தொய்வு அதிகமாகி எக்ஸாஸ்ட் பைப்பைத் தொடவும் கூடாது.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கினாலும் இங்கே வாங்கினாலும் ஒரு விஷயத்தைக் கடையிலேயே பார்த்துவிடுங்கள்: மேலே செம்பு முலாம், உள்ளே அலுமினியம் என்று வெல்டிங் கேபிள் வருகிறது. ஒரு இழையைப் பிரித்து பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். கையில் தூக்கினாலே எடை குறைவாக இருக்கும். அதே பருமனில் மின்தடை கூடுதல். லக்குக்குள் அழுத்தினால் நாளாக நாளாகத் தளரும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

லக்கில் நம்பர் இருக்கும். 35-8 என்றால் 35 ஸ்கொயர் கேபிளுக்கு, 8 எம்.எம். போல்ட்டுக்கு. பெரிய லக் வாங்கி இழையை மடித்துத் திணிப்பது, சின்ன லக் வாங்கி இழையை வெட்டிக் குறைப்பது இரண்டும் தவறு. சுத்தியலால் தட்டி அழுத்தினால் வெளியே சப்பையாகத் தெரியும், உள்ளே காற்று இடைவெளி இருக்கும். அறுகோண டை வைத்த ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவிதான் வேண்டும். ஓசூர் சிப்காட் பக்கம் கன்ட்ரோல் பேனல் செய்கிற பட்டறைகளில் இது இருக்கும், கேபிளோடு போனால் பத்து நிமிட வேலை. சரியாக அழுத்திய லக்கை குறுக்கே அறுத்துப் பார்த்தால் இழை எது, குழல் எது என்று பிரிக்க முடியாத ஒரே செம்பாகத் தெரியும். முதல் லக்கை இப்படி ஒன்று பலி கொடுத்துப் பார்த்துவிட்டு மற்றதை அழுத்துங்கள். அழுத்திய பிறகு ஈயம் ஊற்ற வேண்டாம். ஈயம் இழைக்குள் ஏறி, அது நிற்கிற இடத்தில் கேபிள் குச்சி போல் விறைத்துவிடும். அதிர்வில் சரியாக அந்தக் கோட்டில்தான் முறியும். பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஒன்றை லக் கழுத்தின் மேல் ஏற்றினால் போதும்.

என்ஜினில் எங்கே மாட்டுவது? ஸ்டார்ட்டரைப் பிடிக்கும் இடத்துக்கு அருகில், என்ஜின் மேனுவல் அனுமதிக்கிற காலித் துளையில். கிராங்க்கேஸின் இரண்டு பாதியைச் சேர்க்கும் போல்ட்டுகளிலும் சிலிண்டர் அடி ஸ்டட்டுகளிலும் கை வைக்கவே கூடாது. அவற்றின் டார்க் (இறுக்கும் அளவு) கணக்கு என்ஜினின் உயிர். நடுவில் ஒரு லக்கைச் செருகினால் மென்மையான செம்பு நசுங்கி இறுக்கம் குறையும்.

மாட்டும் இடத்தில் லக்கைவிடச் சற்றுப் பெரிய வட்டத்துக்குப் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். வெள்ளை உலோகம் தெரிய வேண்டும். தேய்த்த உடனே மெல்லிசாக வாஸலின் தடவி லக்கை நேராக உலோகத்தின் மேல் உட்கார வையுங்கள். அலுமினியம் காற்றுப் பட்டதும் ஆக்ஸைடு கட்டத் தொடங்கும், நாளைக்கு மாட்டலாம் என்று விட்டால் மறுபடி தேய்க்க வேண்டும். வாஷர் லக்கின் மேலேதான், லக்குக்கும் உலோகத்துக்கும் நடுவில் இல்லை. கரன்ட் போவது முகத்தோடு முகம் தொடும் இடத்தில். போல்ட்டின் வேலை அழுத்திப் பிடிப்பது மட்டும். இறுக்கிய பிறகு சுற்றிலும் பெயின்ட் அடித்து மூடுங்கள். வெறும் செம்பும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும், செம்பில் களிம்பு பிடிக்கும். ஈயம் பூசிய லக் கேட்டு வாங்குவது இதற்காகத்தான்.

ஃபயர்வால் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு உலோகம்தானே என்று அதன் ஒரு மூலையில் பேட்டரியையும் இன்னொரு மூலையில் என்ஜினையும் மாட்டுகிறார்கள். ஸ்டெயின்லெஸின் மின்தடை செம்பைப் போல் சுமார் 40 மடங்கு, தகடும் அரை மில்லிமீட்டர்க்காரன். அதனால் ஒரு 8 எம்.எம். பித்தளை போல்ட் ஃபயர்வாலைத் துளைத்துக்கொண்டு போக வேண்டும், பேட்டரி கேபிள் லக்கும் என்ஜின் ஸ்ட்ராப் லக்கும் அந்த ஒரே போல்ட்டில் சேர வேண்டும். உள்பக்கம் 3 எம்.எம். பித்தளைப் பட்டை ஒன்று, அதில் வரிசையாக 6.3 எம்.எம். ஸ்பேட் டெர்மினல்கள். பேனல் எர்த் ஒயர்கள் ஒவ்வொன்றும் தனித்தனி டெர்மினலில் வரும். ஒரே ஸ்க்ரூவில் ஏழெட்டு லக்கை அடுக்கினால் ஒன்று தளர்ந்தாலும் எல்லாம் தளரும். பித்தளை மென்மையானது, ஸ்டீல் போல்ட்டுக்குப் போடும் டார்க்கைப் போட்டால் முறுக்கி உடையும்.

இனி அளப்பது. மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து 'பீப்' வருகிறது, எர்த் சரி என்று சொல்வதை நம்பாதீர்கள். மீட்டரின் இரண்டு ஒயருக்கே 0.1, 0.2 ஓம் இருக்கும். நாம் தேடுவது அதில் நூறில் ஒரு பங்கு. ஸ்ட்ராப்பில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் பீப் அடிக்கும். எர்த்தைக் கரன்ட் விட்டுத்தான் அளக்க வேண்டும், அதற்கு ஒரு ஹெட்லைட் பல்பு போதும்.

12 வோல்ட், 60/55 வாட் எச்4 பல்பு ஒன்று எடுங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 10 ஆம்ப் பியூஸ், ஒரு ஸ்விட்ச், பிறகு பல்பு, பல்பின் மறுமுனை ஒரு கிளிப் வழியாக கிராங்க்கேஸுக்கு. ஸ்விட்ச்சைப் போட்டால் கிட்டத்தட்ட 5 ஆம்ப், என்ஜின் ஸ்ட்ராப் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும். மீட்டரின் 10 ஆம்ப் துளையில் ஒரு முறை வைத்துச் சரியான கரன்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மீட்டரை 200 மில்லிவோல்ட்டுக்கு மாற்றி, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவின் ஈயக் குமிழிலேயே வையுங்கள், அதன் மேல் மாட்டிய டெர்மினலில் அல்ல. மறுமுனையை கிராங்க்கேஸில் கிளிப்பிலிருந்து தள்ளி, வெறும் உலோகத்தில் குத்துங்கள். 5 ஆம்பில் 5 மில்லிவோல்ட் காட்டினால் பாதையின் மின்தடை 1 மில்லிஓம். பேட்டரி மூக்கில் இருந்தால் அதுதான் இலக்கு. அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ.-வின் வழிகாட்டி ஏ.சி. 43.13-1பி, உலோகப் பாகங்களை ஒன்றோடொன்று சேர்க்கும் பாண்டிங் இணைப்புக்கு 3 மில்லிஓம் வரை விடுகிறது. ஸ்டாட்டிக், ரேடியோ இரைச்சலுக்கு அது போதும். 200 ஆம்ப் ஸ்டார்ட்டருக்கு அதுவே 0.6 வோல்ட் இழப்பு, அதை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

அளவு கூடுதலாக வந்தால் மீட்டர் முனையைப் படிப்படியாக நகர்த்துங்கள்: ஈயக் குமிழிலிருந்து டெர்மினலுக்கு, டெர்மினலிலிருந்து கேபிளுக்கு, ஃபயர்வால் போல்ட்டுக்கு, ஸ்ட்ராப் லக்குக்கு, கடைசியாக கிராங்க்கேஸுக்கு. எந்த ஒரு தாவலில் மில்லிவோல்ட் ஏறுகிறதோ அங்கே கோளாறு. பெரும்பாலும் கேபிளின் நடுவில் ஒன்றும் இருக்காது, லக் உட்காரும் முகத்தில்தான் இருக்கும்.

இதே பல்பை வைத்து இன்னொரு சோதனை. ஸ்டார்ட்டர் கேபிளை கான்டாக்டரிலிருந்து கழற்றித் தனியாகக் கட்டிவிடுங்கள், யாரும் தவறிச் சாவியைத் திருப்பினாலும் ஒன்றும் நடக்கக் கூடாது. பிறகு என்ஜின் ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட்டு பல்பு ஸ்விட்ச்சைப் போடுங்கள். பல்பு எரிந்தால், மங்கலாக எரிந்தாலும், வேறு ஏதோ வழியாகக் கரன்ட் திரும்புகிறது. கன்ட்ரோல் கேபிள்களையும் சென்சர் ஒயர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது அணைகிறதோ, ஸ்ட்ராப் அறும் நாளில் ஸ்டார்ட்டர் கரன்ட் போகப்போகிற வழி அது. ஸ்டீல் பின்னல் ஹோஸாக இருந்தால் ரப்பர் வைத்த பி-கிளாம்ப் போட்டுப் பிரித்துவிடலாம். திராட்டில் கேபிளைப் பிரிக்க முடியாது. அதனால்தான் இரண்டு ஸ்ட்ராப் போடச் சொல்கிறேன். இரண்டும் தனித்தனியாக முழுக் கரன்ட்டைத் தாங்க வேண்டும், என்ஜினின் இரண்டு பக்கத்தில் வெவ்வேறு போல்ட்டில் இருக்க வேண்டும். ஆனால் ஒன்று அறுந்தாலும் மற்றது மறைத்துவிடும் என்பதால் வருடாந்திர சோதனையில் ஒன்றைக் கழற்றி மற்றதை அளக்க வேண்டும், பிறகு மாற்றி அளக்க வேண்டும்.

உண்மையான கிராங்க்கிங் சோதனையும் ஒரு முறை செய்யலாம். பெட்ரோல் மூடி, மேக்னெட்டோ ஆஃப், மிக்ஸ்சர் கட், ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பிளக்கைக் கழற்றி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, புரொப்பெல்லர் வட்டத்துக்குள் யாரும் இல்லாமல். பேட்டரி நெகட்டிவுக்கும் கிராங்க்கேஸுக்கும் நடுவில் 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பிளக் இல்லாததால் ஸ்டார்ட்டருக்குப் பாரம் குறைவு, கரன்ட்டும் குறைவாகவே ஓடும் என்பதை நினைவில் வையுங்கள். 0.3 வந்தாலே உண்மையில் அதற்கு மேல் இருக்கும்.

ஸ்டார்ட் ஆன பிறகு எர்த்தின் வேலை முடிந்துவிடுவதில்லை. லைகமிங் போல என்ஜினில் மாட்டிய ஆல்டர்னேட்டர் இருந்தால், அது கொடுக்கும் கரன்ட் முழுவதும் அதே ஸ்ட்ராப் வழியாக எதிர்த்திசையில் என்ஜினுக்குத் திரும்பும். ஸ்ட்ராப் 10 மில்லிஓம் என்று வைத்துக்கொள்வோம். 30 ஆம்ப் ஓடினால் கிராங்க்கேஸ் ஃபயர்வாலைவிட 0.3 வோல்ட் கீழே போகும். இப்போது உடம்பு வழியாகவே எர்த் எடுக்கும் ஒற்றை ஒயர் சென்சர்களைப் பாருங்கள். ஆயில் டெம்பரேச்சர் சென்சரில் சூடு கூடினால் மின்தடை குறையும், பல ஆயில் பிரஷர் சென்சர்களில் பிரஷர் கூடினால் மின்தடை கூடும். சென்சர் ஒயரில் வோல்ட் இறங்கியதை மீட்டர் மின்தடை குறைந்ததாகவே எடுத்துக்கொள்ளும். விளைவு: லேண்டிங் லைட்டைப் போட்டதும் ஆயில் சூடு ஏறுகிறது, ஆயில் பிரஷர் இறங்குகிறது, இரண்டும் ஒன்றாக. பைலட்டுக்கு இதைவிடப் பயமுறுத்தும் காட்சி இல்லை. என்ஜினில் ஒன்றுமே இருக்காது. லைட்டை அணைத்ததும் இரண்டு முள்ளும் பழைய இடத்துக்கு வந்தால் எர்த்தைத் தேடுங்கள். ஆயில் அவ்வளவு வேகமாகச் சூடாகி ஆறாது.

ரோட்டாக்ஸ் 912-இன் உள் ஜெனரேட்டரில் இந்தக் கணக்கு வேறு. அதன் காயில் என்ஜின் உடம்போடு சேரவில்லை, இரண்டு மஞ்சள் ஒயரில் தனியாக ரெகுலேட்டருக்குப் போகிறது. சார்ஜிங் கரன்ட் திரும்புவது ரெகுலேட்டரின் உலோக உடம்பு வழியாக. ஃபைபர் ஃபயர்வாலில் ரெகுலேட்டரை மாட்டிவிட்டு உடம்புக்கு எர்த் ஒயர் விட மறந்தால் சார்ஜ் ஆகாது. அரைகுறையாகத் தொட்டால் அந்த ஸ்க்ரூ கறுத்துப் போகும். 4 ஸ்கொயர் அல்லது 6 ஸ்கொயர் ஒயர் ஒன்றை ரெகுலேட்டர் உடம்பிலிருந்து நேராக ஃபயர்வால் உள்பக்கப் பித்தளைப் பட்டைக்குப் போடுங்கள். ரெகுலேட்டரோடு சேர்க்கும் 22,000 மைக்ரோஃபேரட், 25 வோல்ட் கெபாசிட்டரின் நெகட்டிவும் அங்கேயே வரட்டும்.

என்ஜின் மானிட்டரின் எர்த்தை என்ஜின் பிளாக்கில் கொடுப்பதா, ஃபயர்வாலில் கொடுப்பதா என்று வாதம் உண்டு. பிளாக்கில் கொடுத்தால் ஒற்றை ஒயர் சென்சர்கள் துல்லியமாகப் படிக்கும், உண்மை. ஆனால் ஸ்ட்ராப் போன நாளில் ஸ்டார்ட்டர் கரன்ட்டுக்கு மானிட்டரும் ஒரு வழியாகிவிடும். என் தேர்வு ஃபயர்வால்தான். ஸ்ட்ராப்பை 1 மில்லிஓமில் வைத்தால் 30 ஆம்பிலும் 0.03 வோல்ட்தான் நகரும், முள் அசைவது கண்ணுக்கே தெரியாது. மானிட்டர் மேனுவல் வேறு மாதிரிச் சொன்னால் அதன்படி செய்துவிட்டு இரண்டாவது ஸ்ட்ராப்பைக் கட்டாயமாகப் போடுங்கள். அளவைக் கரன்ட்டாக அனுப்பும் புதிய 4-20 மில்லிஆம்ப் வகை சென்சர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை.

கார் என்ஜினை மாற்றிப் போடுகிறவர்களுக்கு இது இன்னும் கூர்மையான விஷயம். என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யு.-வின் சென்சர் எர்த் ஒயர்கள் ஈ.சி.யு.-வுக்கே திரும்ப வேண்டும், வழியில் எதையும் தொடக் கூடாது. பவர் எர்த்தும் இக்னிஷன் காயில் எர்த்தும் தனித்தனியாக என்ஜின் பிளாக்குக்கு. இந்த என்ஜினில் ஸ்ட்ராப் போனால் ஈ.சி.யு. எரியும், ஈ.சி.யு. போனால் என்ஜின் நிற்கும். இரண்டு ஸ்ட்ராப் இங்கே விருப்பம் அல்ல.

மேக்னெட்டோவுக்கு வருவோம். அதை நிறுத்துவதே எர்த் கொடுத்துத்தான். பி-லீடின் நடு ஒயர் எர்த் ஆனால் மேக்னெட்டோ ஆஃப். ஒயர் அறுந்தால் எப்போதும் ஆன், புரொப்பெல்லரைக் கையால் தொடுகிறவருக்கு ஆபத்து. ஷீல்டை மேக்னெட்டோ பக்கம் அதன் உடம்பில் சேருங்கள். ஸ்விட்ச் பக்கம் அதே ஷீல்டை ஸ்விட்ச்சின் எர்த் டெர்மினலுக்கு மட்டும் கொண்டுபோங்கள், பேனலிலோ உடம்பிலோ சேர்க்காதீர்கள். இரண்டு பக்கமும் உடம்பில் சேர்த்தால் ஷீல்ட் ஒரு மெல்லிய எர்த் ஸ்ட்ராப் ஆகிவிடும். என்ஜின் ஸ்ட்ராப் போன நாளில் ஸ்டார்ட்டர் கரன்ட் அதை எரித்து, உள்ளிருக்கும் நடு ஒயரின் உறையையும் உருக்கும். பிறகு மேக்னெட்டோ தானாக ஆஃப் ஆகலாம், அல்லது ஒயர் அறுந்து ஆஃப் ஆகாமலே போகலாம்.

ஹெட்செட்டில் ஆர்.பி.எம்.-மோடு ஏறி இறங்கும் விசில் சத்தம் வந்தால் ஆல்டர்னேட்டர் பக்கம் பாருங்கள். ஆர்.பி.எம்.-மோடு டிக் டிக் என்றால் இக்னிஷன். இரண்டுக்கும் ஃபில்டர் வாங்குவதற்கு முன் ஹெட்செட் ஜாக்குகளைக் கழற்றிப் பாருங்கள். உலோகப் பேனலில் நேராக மாட்டியிருந்தால் ஜாக்கின் உடம்பு ஒரு எர்த், இன்டர்காம் ஒயர் இன்னொரு எர்த், நடுவில் உள்ள சில மில்லிவோல்ட் வித்தியாசம் காதில் விழும். நைலான் வாஷர் போட்டு ஜாக்கைப் பேனலிலிருந்து பிரித்து, இன்டர்காமிலிருந்து வரும் ஒயரில் மட்டும் எர்த் கொடுத்தால் பெரும்பாலும் சத்தம் போய்விடும்.

பராமரிப்புக்கு வந்தால், 50 மணி நேரத்துக்கு ஒருமுறை கவுலிங் திறக்கும்போது லக் கழுத்தில் அறுந்த இழை துருத்துகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். லக் திரும்புகிறதா, ஹீட் ஷ்ரிங்க் பழுப்பேறியிருக்கிறதா, திராட்டில் கேபிள் உறையில் சுட்ட தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பத்தில் ஒரு இழை அறுந்திருந்தாலும் ஸ்ட்ராப்பை மாற்றிவிடுங்கள், ஒட்டுப் போட வேண்டாம். வருடம் ஒருமுறை பல்பு சோதனை செய்து, கரன்ட்டையும் மில்லிவோல்ட்டையும் லாக் புக்கில் தேதியோடு எழுதுங்கள். சென்ற வருடம் 4, இந்த வருடம் 9 என்றால் இன்னும் எல்லாம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே லக்கைக் கழற்றித் தேய்த்து மாட்டிவிடலாம். என்ஜினை இறக்கி ஏற்றினால், மவுண்ட்டைப் பெயின்ட்டுக்கு அனுப்பினால், பேட்டரியை இடம் மாற்றினால், அன்றைக்கு முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே இந்தச் சோதனை வேண்டும். ஸ்ட்ராப்பை மாட்ட மறந்து ஸ்டார்ட்டரைத் தட்டுவது பெரும்பாலும் அந்த நாளில்தான் நடக்கிறது.